பக்ருதீன் போட்ட கால் கியர்

பக்ருதீன் துறைமுகத்தில் கிரேன் பிட்டர். ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பக்கத்துச் சந்து ஒன்றில் ஓர் அறை, அதன் பின்னால் தகரம் போட்ட ஒரு துண்டு முற்றம், இவ்வளவுதான் அவனுடைய ராஜ்ஜியம். பேச்சு குறைவு. ஆனால் எந்த இரும்பைக் கண்டாலும் அதைப் பிரித்து, செய்தவனைவிட நன்றாகச் செய்து காட்ட வேண்டும் என்று கை பரபரக்கும். மனைவி சாபிராவின் தையல் மிஷினை ஒரு முறை அப்படித் திருத்தப்போய், அது ஒரு மாதம் தையலையே மறந்து கிடந்தது. இந்த ஆளை நம்பி யாராவது மோட்டார் சைக்கிளை விட்டுவிட்டுப் போவார்களா? அத்தாவுல்லா போனான்.

அத்தாவுல்லா அவனுடைய தோஸ்து. தாய் தகப்பன் கிடையாது, கல்யாணமும் ஆகவில்லை. பீச் ரோட்டில் ஒரு கப்பல் கம்பெனி துரைக்குக் கார் ஓட்டிக்கொண்டிருந்தான். துரை சீமைக்குத் திரும்பும்போது தன் பழைய பி.எஸ்.ஏ. வண்டியை இவனிடமே கொடுத்துவிட்டுப் போனார். அந்தக் காலத்து வண்டிக்குக் கியர் கையில். பெட்ரோல் டாங்கியின் வலப்பக்கம் ஓர் இரும்புக் கம்பி நிற்கும். அதை முன்னே தள்ளிப் பின்னே இழுத்து ஓட்ட வேண்டும். இரண்டு வருஷம்கூட அவன் ஓட்டவில்லை. நாற்பதாம் வருஷம் பினாங்குப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் லாரி ஓட்ட ஆள் எடுத்தார்கள். கப்பல் ஏறுகிற அன்று காலையில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து முற்றத்தில் நிறுத்தினான்.

"இது உன்கிட்ட அமானிதம், மச்சான். ரெண்டு வருசத்துல வந்துடுவேன். எஞ்சின் மட்டும் செத்துடாம பாத்துக்க."

நம்பி ஒப்படைத்ததை இருந்தபடியே திருப்பிக் கொடுக்க வேண்டும், அதுதான் அமானிதம். பக்ருதீனுக்கு இது தெரியும். முதல் ஐந்தாறு வருஷம் அவனைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. வண்டியைச் செங்கல்மேல் ஏற்றி, டயரைக் கழற்றி வாசலுக்கு மேலே கட்டினான். வெள்ளிக்கிழமைதோறும் எஞ்சினுக்குள் நாலு சொட்டு எண்ணெய் விட்டு, ஒரு உதை உதைத்துச் சுற்றிவிட்டு, சாக்குப் போட்டு மூடுவான். நாற்பத்திரண்டில் ஜப்பான்காரன் குண்டு போடப்போகிறான் என்று ஊரே மூட்டை கட்டி ஓடியபோது, சாபிராவைப் பழவேற்காட்டில் அவள் தாய் வீட்டுக்கு அனுப்பிவிட்டு இவன் மட்டும் இருந்துகொண்டான். ஏன் வரவில்லை என்று கேட்டதற்கு, வண்டி இருக்கிறதே என்றான். சாபிரா அதை வெகுநாள் சொல்லிக் காட்டிக்கொண்டிருந்தாள்.

அத்தாவுல்லாவின் கடைசிக் கடிதம் நாற்பத்தொன்றாம் வருஷக் கடைசியில் வந்தது. பிறகு மலேயா ஜப்பான்காரன் கைக்குப் போயிற்று. சண்டை முடிந்து பினாங்குக் கப்பல்கள் மறுபடி வரத் தொடங்கியதும் பக்ருதீன் ஒரு கப்பல் விடாமல் போய் நின்றான். இறங்குகிறவர்களிடமெல்லாம் கேட்டான். சயாமில் ரயில் பாதை போட இழுத்துக்கொண்டு போனவர்களில் பாதிப்பேர் திரும்பவில்லை என்றார்கள். அத்தாவுல்லா என்ற பெயரை யாரும் கேட்டதில்லை.

அந்தச் சமயத்தில்தான் மண்ணடியில் ஒரு பழைய இரும்புக் கடையில் அந்தப் பெட்டியைப் பார்த்துத் தொலைத்தான். பட்டாளத்து மோட்டார் சைக்கிள்களை உடைத்து விற்றுக்கொண்டிருந்தார்கள். அதில் கிடந்தது ஒரு கால் கியர் பெட்டி. கையை ஹேண்டில்பாரிலிருந்து எடுக்கவே வேண்டாம், வலது கால் நுனியால் ஒரு தட்டுத் தட்டினால் போதும். கொஞ்சம் இரும்புப் பட்டை அடித்து வைத்தால் அத்தாவுல்லாவின் வண்டிக்கு அது பொருந்தும் என்று பார்த்த கணமே பக்ருதீனின் கை சொல்லிவிட்டது. அன்று ராத்திரியே சாபிராவிடம் சொன்னான்.

"அவரு வந்தா கேட்டுட்டுச் செய்யுங்க," என்றாள் சாபிரா.

"அவன் வருவான்னு இன்னும் நம்பிக்கினு கீறியா?"

கேட்டுவிட்டானே தவிர, மனம் அடங்கவில்லை. மறுநாள் பள்ளிவாசலில் ஹஜ்ரத்திடம் போய் உட்கார்ந்தான். ஊர் விவகாரங்களில் தீர்ப்புச் சொல்லும் பெரியவர். ஆள் காணாமல் போனால் எத்தனை வருஷம் காத்திருக்க வேண்டும் என்று கேட்டான். ஹஜ்ரத்தின் முகம் இளகிவிட்டது. சண்டைக்குப் பிறகு இந்தக் கேள்வியோடு அவரிடம் வந்த குடும்பங்கள் எத்தனையோ.

"நாலு வருஷம் தகவலே இல்லேன்னா போதும் தம்பி. அதுக்கு மேல காத்திருன்னு அந்தப் பிள்ளையை யாரும் கட்டாயப்படுத்தக் கூடாது."

எந்தப் பிள்ளையை என்று பக்ருதீனுக்குப் புரியாமல் இல்லை. காணாமல் போனவனின் மனைவி மறுமணம் செய்துகொள்ளலாமா என்று கேட்பதாக அவர் நினைத்துவிட்டார். பெண் விவகாரம் இல்லை ஹஜ்ரத், வண்டி விவகாரம் என்று அப்போதே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. சலாம் சொல்லிவிட்டு எழுந்துவிட்டான். காத்திருக்கும் பெண்களுக்காக இரங்கி வைத்த கெடுவை மோட்டார் சைக்கிளுக்குப் போட்டுக்கொண்ட ஆள் ராயபுரத்தில் இவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

பிறகு நடந்த நாலு மாதம்தான் பக்ருதீனின் ஆயுசிலேயே சந்தோஷமான காலம். இதையும் சொல்லத்தான் வேண்டும். வேலை விட்டு வந்து கை கழுவுவதற்குள் முற்றத்துக்குப் போய்விடுவான். புதுப் பெட்டியை உட்கார வைக்கப் பட்டை அடித்துத் துளை போட்டான். செயின் நேர்கோட்டில் ஓடும்வரை வாஷரை மாற்றி மாற்றி வைத்தான். டாங்கியோடு ஒட்டியிருந்த பழைய கியர்க் கம்பியின் பிடியை ரம்பத்தால் அறுத்து, அராவி, அங்கே அப்படி ஒன்று இருந்த அடையாளமே தெரியாமல் கறுப்பு வர்ணம் அடித்தான். பழைய பெட்டியையும் கம்பியையும் இரும்புக் கடைக்காரனிடமே போட்டுவிட்டான். அவை எந்த உலையில் உருகினவோ.

ஞாயிற்றுக்கிழமைகளில் சாபிராவைப் பின்னால் உட்கார வைத்துக்கொண்டு, எண்ணூர் வரைக்கும் கடலோரமாக ஓட்டினான். துறைமுக வாசலில் ஒரு சார்ஜெண்ட் வண்டியைத் தட்டிப் பார்த்து, யாருடையது என்று கேட்டான். என்னுடையது என்று பக்ருதீன் சொன்னான். அதற்குப் பிறகு அவன் பினாங்குக் கப்பலைப் பார்க்கப் போகவில்லை. போக நேரமில்லை என்று சொல்லிக்கொண்டான். கப்பல் வந்து நிற்கும் இடத்துக்கும் அவன் வேலை செய்யும் கிரேனுக்கும் நடுவே இரண்டே இரண்டு கிடங்குகள்.

நாற்பத்தெட்டு, ஆடி மாதம். வேலை முடிந்து சந்துக்குள் நுழைந்தால் வீட்டு வாசலில் ஒரு ரிக்ஷா. அதிலிருந்து முதலில் இறங்கியது ஓர் ஊன்றுகட்டை. பிறகு ஒரு கால். அப்புறம்தான் அத்தாவுல்லா இறங்கினான். வலது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை.

"இன்னா மச்சான், பேயப் பாத்தாப்ல நிக்கிறே?" என்று சிரித்தான். "கப்பல்லேர்ந்து எறங்கி ஒரு மணி நேரம் நின்னுகினு இருந்தேன். நீ ஹார்பர்ல கீறவன், எப்படியும் வருவேன்னு."

அன்று மத்தியானம் கப்பல் ஊதியது பக்ருதீனுக்குக் காதில் விழுந்திருந்தது. அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டான். எலும்புதான் கையில் தட்டுப்பட்டது.

சாபிரா சோறு போட்டாள். சயாமில் காலில் புண் வந்து அழுகியதையும், அறுத்ததையும், பிறகு ஆஸ்பத்திரியிலேயே எடுபிடி வேலை பார்த்து டிக்கெட்டுக்குச் சேர்த்ததையும் அத்தாவுல்லா வேறு யாருக்கோ நடந்த மாதிரிச் சொன்னான். காகிதம் போடவில்லையே என்று சாபிரா கேட்டதற்கு, காலைப் பற்றி எழுத மனசு வரவில்லை என்றான். பிறகு முகம் தெளிந்துவிட்டது.

"ஆனா ஒண்ணு. கால எடுக்கசொல்ல நா இன்னா நெனச்சேன் தெரியுமா? நம்ம வண்டிக்கு பிரேக்கு எடது காலு. கியரு கை. வலது காலுக்கு அதுல ஒதைக்கிறதத் தவிர வேலயே கெடயாது. யாராச்சும் தள்ளிவுட்டா போதும், நா ஓட்டிடுவேன். லாரி இனி ஓட்ட முடியாது, வண்டி ஓட்டலாம். கடைக்குக் கடை சரக்குக் கொண்டுபோய்ப் போட்டா வயிறு ரொம்பிடும். படுத்துகினே எத்தினியோ தபா எண்ணூர் வரிக்கும் ஓட்டிட்டு வந்துட்டேன், போ."

பக்ருதீன் பாதிச் சோற்றில் கை கழுவினான். சாபிரா அவன் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள்.

முற்றத்தில் சாக்கை எடுத்தபோது அத்தாவுல்லா முதலில் வண்டியின் மினுமினுப்பைப் பார்த்தான். பிறகு டாங்கியின் வலப்பக்கத்தைத் தடவினான். ஒன்றும் அகப்படாமல் மறுபடி தடவினான். கண் தானாகக் கீழே இறங்கி, வலது காலுக்காகப் போட்டிருந்த மிதியில் வந்து நின்றது.

"பழைய பொட்டி வெடிச்சிட்சுடா," என்றான் பக்ருதீன். "துருப்புடிச்சு. வேற வழி இல்லாம இத்தப் போட்டேன்."

பொய் அவ்வளவு சுலபமாக வந்தது அவனுக்கே ஆச்சரியம். அத்தாவுல்லா தலையாட்டினான். இத்தனை வருஷம் கடல் காற்றில் எந்த இரும்புதான் தாங்கும் என்றான். அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. சந்தில் போவோர் வருவோரிடமெல்லாம், குண்டுக்குக்கூட பயப்படாமல் என் அமானிதத்தைக் காத்தவன் இவன் என்று சொல்லத் தொடங்கிவிட்டான். கேட்கக் கேட்கப் பக்ருதீனுக்கு உடம்பு கூசியது. பொய்யைத் திருப்பி எடுக்க வாய் வரவில்லை. ஆகவே கையைத்தான் நம்பினான். கால் மிதியைக் கழற்றி எறிந்துவிட்டு, அந்த இடத்திலிருந்து டாங்கி வரைக்கும் ஏறி வருகிற மாதிரி ஒரு கம்பி செய்யலானான். சாபிரா கரி அடுப்பை விசிற, கம்பியைப் பழுக்கக் காய்ச்சி வளைத்தான். மூன்று கம்பி வீணாயிற்று. ஒன்று முழங்காலில் இடித்தது, ஒன்று கியரைப் பாதியில் விட்டது. நாலாவது சரியாக விழுந்தது. வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வந்து ஓட்டிப் பார்ப்பதாகப் பேச்சு.

தொழுகை முடிந்ததும் அத்தாவுல்லா கட்டையை ஊன்றிக்கொண்டு போய் ஹஜ்ரத்துக்குச் சலாம் சொன்னான். சயாமிலிருந்து உயிரோடு வந்ததைச் சொல்லி, பக்ருதீன் தன் தோஸ்து என்றும் சொன்னான். ஹஜ்ரத் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார்.

"அப்ப பக்ருதீன் அன்னைக்கு வந்து கேட்டது இவரைப் பத்தித்தானா? அல்லாஹ் காப்பாத்தினான். அந்தப் பிள்ளை வேற நிக்காஹ் பண்ணிக்கலையே?"

"எந்தப் புள்ளைங்க?" என்றான் அத்தாவுல்லா. "எனக்குக் கண்ணாலமே ஆவலியே."

ஹஜ்ரத் பக்ருதீனைப் பார்த்தார். பக்ருதீன் தரையைப் பார்த்தான். அவர் உள்ளே போய்விட்டார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

கல்மண்டபம் மார்க்கெட் வரைக்கும் இருவரும் நடந்தார்கள். கட்டை தரையில் தட்டுகிற சத்தம் மட்டும் கேட்டது. மார்க்கெட் ஓரத்தில் பக்ருதீன் நின்றான். இனி அடக்கிவைக்க அவனால் முடியவில்லை. மண்ணடியில் பெட்டியைப் பார்த்தது, ஹஜ்ரத்திடம் பாதிக் கேள்வி கேட்டது, பழைய பெட்டியில் ஒரு கீறலும் இல்லாதது, கப்பலுக்குப் போவதை விட்டது, எல்லாவற்றையும் கொட்டினான். மீன்கூடைக்காரி ஒருத்தி நகரச் சொல்லிவிட்டுப் போனாள்.

"பொட்டி நல்லாத்தான் இருந்திச்சு. எனக்கு ஆசை. நீ செத்துட்டேன்னு நெனச்சுகினேன்டா. மன்னிச்சுடு."

அத்தாவுல்லா கட்டையின்மேல் சாய்ந்து நின்றான். கோபமாகத் தெரியவில்லை.

"செத்துட்டேன்னு நெனச்சே. சரி. எனக்கு ஒரு பாத்திஹா ஓதினியா?"

பக்ருதீன் ஓதவில்லை. செத்தவனுக்காக ஓதுவதென்றால் நாலு பேரைக் கூப்பிட வேண்டும். தோஸ்து செத்துவிட்டான் என்று வாய்விட்டுச் சொல்ல வேண்டும். அழவும் வேண்டியிருக்கும். அதை அவன் செய்யவில்லை. டாங்கியின் கம்பிப் பிடியை அறுக்கும் அளவுக்குச் செத்தவனாக இருந்த அத்தாவுல்லா, ஒரு பாத்திஹா ஓதும் அளவுக்குச் செத்திருக்கவில்லை. இது அந்த மார்க்கெட் ஓரத்தில்தான் பக்ருதீனுக்கே தெரிந்தது.

"இல்ல," என்றான்.

"நாங்க அங்க பேரு தெரியாதவனுக்குக்கூட ஓதிட்டுத்தான் பொதைச்சோம்," என்றான் அத்தாவுல்லா. "வா, வண்டிய எடு."

பக்ருதீன் வண்டியைச் சந்துக்கு வெளியே கொண்டுவந்து நிறுத்தினான். அத்தாவுல்லா இடது காலை ஊன்றி ஏறி உட்கார்ந்து, கட்டையைப் பின்னால் கட்டிக்கொண்டான். பக்ருதீன் தள்ளிக்கொண்டு ஓடினான். பத்தடியில் எஞ்சின் பிடித்தது. அத்தாவுல்லாவின் வலது கை கம்பியைத் தேடிப் பிடித்து இழுத்தது. கியர் கொஞ்சமும் முனகாமல் விழுந்தது. பின்னால் இடம் இருந்தது. ஏறு என்று அவன் சொல்லவில்லை, திரும்பிப் பார்க்கவும் இல்லை. திருவொற்றியூர் பக்கமாகப் போய் மறைந்தான்.

சாபிரா வாசலுக்கு வந்து, கம்பி சரியாக இருக்கிறதா என்று கேட்டாள். நன்றாக இருக்கிறது என்றான். கை கால் கழுவி, தொப்பியைத் தேடி எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டு அறையின் மூலையில் உட்கார்ந்தான். ஓத வாயெடுத்தான். உயிரோடு இருக்கிறவனுக்கு எப்படி ஓதுவது என்று தெரியாமல் அப்படியே உட்கார்ந்திருந்தான்.