மூன்று விநாடிச் சத்தம்

அந்த ஒர்க்‌ஷாப்பில் அவரைப் பெயர் சொல்லி யாரும் கூப்பிட்டதில்லை. காதுக்காரர் என்றால்தான் தெரியும். டீ குடித்துக்கொண்டே, கேட்டுக்குள் நுழைகிற காரைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "முன்னாடி வலது சக்கரத்துல பேரிங் போச்சு" என்பார். கழற்றிப் பார்த்தால் அப்படியே இருக்கும். முப்பத்திரண்டு வருஷம் இப்படிச் சொல்லிச் சொல்லி, தன் காது தப்பாது என்று அவருக்கே ஒரு எண்ணம் வந்துவிட்டது. அவரை மட்டும் குற்றம் சொல்லிப் பயனில்லை. கூட இருந்தவர்களும் சேர்ந்துதான் ஏற்றிவிட்டார்கள். ஒரு மனுஷனைக் கெடுக்க எதிரி எதற்கு, புகழ்கிற நாலு பேர் போதாதா?

எஞ்சினுக்குள் ஒரு சங்கிலி ஓடும், டைமிங் செயின் என்பார்கள். அது தொய்யாமல் இறுக்கிப் பிடிக்க விரல் நீளத்தில் ஒரு டென்ஷனர். ஒரு குறிப்பிட்ட மாடல் காரில் அந்த டென்ஷனர் பிறவியிலேயே கோளாறு. இன்றைக்கோ நாளைக்கோ செயின் நழுவும், ஓடுகிற வண்டியிலேயே எஞ்சின் நொறுங்கும். கம்பெனிக்கு இது நன்றாகவே தெரியும். தெரிந்தால் எல்லா வண்டிக்கும் மாற்றிக் கொடுத்துவிடுவார்களா? நல்ல கதை! ஒரு சுற்றறிக்கை அனுப்பினார்கள். ராத்திரி முழுக்க நின்று ஆறிய எஞ்சினைக் காலையில் ஸ்டார்ட் செய்ய வேண்டும். முதல் மூன்று விநாடி சில்லறையைக் குலுக்கினாற்போல மெல்லிய சத்தம் வந்தால் கோளாறு. வாரண்டிக்குள் இருந்தால் இலவசமாக மாற்றலாம். சத்தம் வராவிட்டால் வண்டிக்கு ஒன்றுமில்லை என்று சீட்டு எழுதிக் கொடுத்து அனுப்பிவிடலாம். பக்கத்தில் நின்று கேட்டுக் கையெழுத்துப் போட ஒரு ஆள் வேண்டும். அது யார் என்று கேட்கவும் வேண்டுமா?

இதில்தான் மோசம் போனார். சுத்தியலுக்கும் ஏர் கன்னுக்கும் நடுவிலேயே முப்பத்திரண்டு வருஷம் நின்ற காது அது. தடித்த சத்தமெல்லாம் கேட்டது. மெல்லிசு மட்டும் எப்போதோ போய்விட்டது. போனது அவருக்குத் தெரியவில்லை. கண் மங்கினால் எழுத்து கலங்கும், தெரிந்துபோகும். காது மங்கினால் எல்லாம் அமைதியாக இருப்பதாகத்தான் தோன்றும். வீட்டில் மனைவி, "கூப்பிட்டா காதுல விழலையா?" என்றால், "நீ வாய்க்குள்ளயே முணுமுணுத்தா யாருக்கு விழும்?" என்று அவள் மேலேயே பழியைப் போடுவார். அவளும் முப்பது வருஷப் பழக்கத்தில் அதை நம்பிக் கொஞ்சம் உரக்கவே பேசப் பழகிக்கொண்டாள்.

ஒரு கணக்கு டீச்சர் அந்த மாடல் காரைக் கொண்டுவந்து விட்டார். மறுநாள் காலை ஏழு மணிக்கு அவரும் வந்து நின்றார். வயதான அப்பாவை வாரம் மூன்று தடவை சிறுநீரக வைத்தியத்துக்கு ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிற வண்டி அது. மெக்கானிக் உள்ளே உட்கார்ந்து சாவியைத் திருப்பினான். காதுக்காரர் பானெட்டுக்கு மேல் குனிந்து நின்றார்.

"ஒண்ணும் இல்லைம்மா. வண்டி நல்லா இருக்கு."

"என்ன சார், இப்பக்கூட வந்துச்சே! எனக்கு நல்லா கேட்டுச்சு."

"மனசுல பயம் புகுந்துட்டா இல்லாத சத்தமெல்லாம் கேக்கும்மா. வீணா கவலைப்படாதீங்க."

மெக்கானிக்குக்கும் கேட்டது. கேட்டும் வாயைத் திறக்கவில்லை. காதுக்காரரே இல்லை என்கிறார், நமக்கு எதற்கு வம்பு என்று பானெட்டை மூடிவிட்டான். அவன் மட்டுமா, அந்தப் பட்டறையில் எல்லாருமே அப்படித்தான். ஒன்றரை வருஷத்தில் நாற்பத்தொரு வண்டிகளுக்கு 'சத்தம் இல்லை' என்று அவர் கையெழுத்துப் போட்டிருந்தார். பாவி மக்கள், ஒருவராவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்.

எட்டு மாதம் கழித்து டீச்சரின் கார் இழுவை வண்டியில் வந்து இறங்கியது. செயின் நழுவி எஞ்சின் பாழ். வாரண்டி முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. டீச்சர் கத்தவில்லை. மேனேஜர் அறையில் உட்கார்ந்து, காதுக்காரரையும் வரவழைத்து, போனை மேஜைமேல் வைத்தார்.

"வாரண்டி இருக்கும்போதே ஒருநாள் காலையில பதிவு பண்ணது சார். கேளுங்க."

பதிவு ஓடியது. காதுக்காரருக்கு எஞ்சின் ஸ்டார்ட் ஆகி ஓடுகிற சத்தம்தான் கேட்டது. அதற்கு மேல் ஒன்றும் இல்லை. ஆனால் மேனேஜரின் முகம் சுருங்கியது. கையெழுத்துக்காகக் காகிதத்தோடு நின்றிருந்த கணக்கர்கூட, "ஐயய்யோ" என்று வாயில் கை வைத்தார்.

மேனேஜர் அவரை மட்டும் வெளியே அழைத்தார். "இதோ பாருங்கண்ணே, அன்னைக்குச் சத்தம் இல்ல, அப்புறமாத்தான் வந்திருக்குன்னு ஒரே வார்த்தை சொல்லிடுங்க. உங்க பேரும் கெடாது, எங்க தலையும் தப்பும். ரெண்டு வருஷத்துல ஓய்வு, மரியாதையா வீட்டுக்குப் போங்க."

அவர் நேராக உள்ளே வந்தார். "இன்னொரு தடவை போடுங்கம்மா" என்று போனை வாங்கிக் காதோடு ஒட்டி வைத்துக்கொண்டார். பிறகு இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினார்.

"எனக்குக் கேக்கலைம்மா."

மேனேஜர் மூச்சு விட்டார். "பாத்தீங்களா மேடம், சத்தமே இல்லைங்கிறார்."

"சத்தம் இருக்கு சார். எனக்குத்தான் கேக்கல. அன்னைக்கும் எனக்குத்தான் கேக்காம போயிருக்கு."

அப்போதுதான் டீச்சர் அழுதார். "எங்கப்பா ரெண்டு மணி நேரம் ரோட்டோரத்துல வெயில்ல கிடந்தாரு சார். அன்னைக்கு ஆஸ்பத்திரி முறையும் தவறிப்போச்சு. நான் கேட்டுச்சுன்னு சொன்னேனே, ஒரு நிமிஷம் நம்பியிருக்கக் கூடாதா?" காதுக்காரர் தலையைக் குனிந்துகொண்டார். அவருக்கு அவமானத்தைவிடப் பயம்தான் அதிகமாக இருந்தது. இன்னும் நாற்பது வண்டிகள் வெளியே ஓடுகின்றன.

அந்த வாரமே அவருக்கு வேலை போனது. டீச்சருக்கும் விடிவு இல்லை. வாரண்டி முடிந்தது முடிந்ததுதான் என்று கம்பெனி கைவிரித்துவிட்டது. மற்ற நாற்பது பேருக்குத் தகவல் சொல்லுங்கள் என்று காதுக்காரர் மன்றாடினார். மேனேஜர், "அவங்களா வந்தா பாத்துக்கலாம், தூங்குற நாயை எதுக்கு எழுப்பணும்?" என்றார். நாய் தூங்கினால் சரி, எஞ்சின் தூங்குமா? கடைசி நாள் மதியம் அவர் பழைய சீட்டுகளிலிருந்து நாற்பது போன் எண்களையும் வண்டி எண்களையும் ஒரு நோட்டில் எழுதி எடுத்துவந்தார்.

போனில் பேசினால் எதிர்ப்பக்கம் வார்த்தை பிடிபடவில்லை. அதனால் அவர் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிட்டு மனைவியிடம் போனைக் கொடுப்பார். அவள் கேட்டு, இவர் முகத்துக்கு நேராகத் திருப்பிச் சொல்வாள். சிலர் நன்றி சொன்னார்கள், உடனே வண்டியைப் பட்டறையில் விடுகிறேன் என்றார்கள். சிலர் திட்டினார்கள். ஐந்து பேரின் எஞ்சின் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. திட்டியதையெல்லாம் அவள் பாதியாகக் குறைத்துத்தான் சொன்னாள். கட்டினவள் வேறு என்ன செய்வாள்?

இருபத்தாறாவது எண். அவள் வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். போனை வைத்தாள்.

"என்ன சொன்னாரு?"

"சரின்னாரு. அடுத்தது போடுங்க."

"மறைக்காத. உன் முகம் அப்படிச் சொல்லல. சொன்னதை அப்படியே சொல்லு."

அவள் புடவைத் தலைப்பால் வாயைத் துடைத்துக்கொண்டாள்.

"வண்டிய வித்துட்டாராம். வாங்க வந்த ஆளு, காலையில ஏதோ சத்தம் வருதேன்னு கேட்டானாம். இவரு உங்க சீட்டை எடுத்துக் காட்டினாராம். உங்களைப் பத்தி அவனுக்கும் தெரியுமாம். காதுக்காரரே சொல்லிட்டாருன்னா சரிதான்னு அப்பவே காசைக் கொடுத்து வாங்கிட்டுப் போயிட்டானாம்."

"யாரு அவன்? நம்பர் வாங்கினியா?"

"தரகர் மூலமா வித்ததாம். பேர்கூடச் சரியா தெரியாதாம். வண்டி இன்னும் இவர் பேர்லதான் இருக்காம்." பிறகு, கேட்டதை அப்படியே சொல் என்று சொன்னாரே என்று, மீதியையும் சொல்லிவிட்டாள். "கைக்குழந்தையும் பொண்டாட்டியுமா வந்திருந்தானாம்."

தரகரைத் தேடிப் போனார். அந்த ஆள் கடையை மூடிவிட்டு வேறு ஊருக்குப் போயிருந்தான். போலீசில் சொன்னார், திருட்டு வண்டியா என்று கேட்டு, இல்லை என்றதும் அனுப்பிவிட்டார்கள். மற்ற முப்பத்தொன்பது எண்களுக்கும் எதிரே நோட்டில் ஏதோ ஒன்று எழுதியாகிவிட்டது.

இப்போது தினமும் காலை ஏழு மணிக்குப் பெரிய ரோட்டின் சிக்னலில் போய் நிற்கிறார். அந்த மாடல் வண்டி வந்தால் ஓடிப்போய்க் குனிந்து எண்ணைப் பார்க்கிறார். உள்ளே இருப்பவர்கள் பிச்சைக்காரர் என்று நினைத்துக் கண்ணாடியை ஏற்றிக்கொள்கிறார்கள். வெயில் ஏறியதும் மனைவி வந்து கையைப் பிடித்து அழைத்துப் போகிறாள். அந்த எண் இன்னும் வரவில்லை.