சோமசேகரம் சந்தேகிக்காத வீடு

பாலையூற்றுச் சோமசேகரம் கணினி திருத்த எங்கும் போய்ப் படித்தவர் அல்லர். தொண்ணூறில் திரியாயிலிருந்து இடம்பெயரும்வரை வானொலிப்பெட்டி திருத்தியவர். பிறகு பழைய கணினிகளைக் கழற்றிப் பூட்டித் தானாகவே பழகிக்கொண்டார். நல்ல கைராசிக்காரர். மரியாதைதான் கொஞ்சம் கூடிப்போன மனிதர்.

இரண்டாயிரத்து ஆறில், ஓர்ஸ் ஹில்லில் எங்கள் வரிசையில் என் வீட்டில் மட்டுமே இன்டர்நெற் இருந்தது. அடுத்த வீட்டுச் சிவகாமிப்பிள்ளை கேட்டதால், என் கணினியிலிருந்து மதிலுக்கு மேலால் அவருடைய கணினிக்கு வயர் இழுத்துக் கொடுத்தவர் சோமசேகரம். சிவகாமிப்பிள்ளையின் கணவர் கனடாவில் இருந்தார். விசா நேர்முகத்துக்கான அழைப்பு மின்னஞ்சலில் வர வேண்டும். அதற்காகத்தான் அந்த வயர்.

ஒரு திங்கட்கிழமை லைன் மிகவும் மந்தம். எரிச்சலில், என் கணினியில் பக்கத்து வீட்டோடு இணைப்பைப் பகிரும் இடத்திலிருந்த சரி அடையாளத்தை எடுத்துவிட்டேன். பின்னேரம் திரும்பப் போட நினைத்தேன், அடியோடு மறந்துபோனேன்.

மறுநாள் சிவகாமிப்பிள்ளை மதிலருகே வந்து விசாரித்தார்.

"எனக்கு வருது. உங்கட பக்கம்தான் பிழை," என்றேன், எழுந்துபோய்ப் பார்க்காமலே. கணக்கு வாத்தியாரான என் வாயிலிருந்து வந்தால் அது தீர்ப்பு.

சோமசேகரம் சோதனைச்சாவடிகளைத் தாண்டி மூன்று தடவை சைக்கிளில் வந்தார். வயரை மாற்றினார். முனைகளை வெட்டிப் புதிதாகப் பூட்டினார். யுத்தப் பதற்றத்தில் பட்டினத்து இன்டர்நெற் கடைகளும் பூட்டிக் கிடந்ததால் சிவகாமிப்பிள்ளைக்கு வேறு போக்கிடமும் இல்லை. வெள்ளிக்கிழமை அவர் கேட்டது என் காதில் விழுந்தது.

"அண்ணை, மாஸ்ரரின்ர கொம்பியூட்டரையும் ஒருக்காப் பாத்தால் என்ன?"

"லைன் தந்த வீட்டைச் சந்தேகிக்கிறது வடிவில்லை, தங்கச்சி. பிழை என்ர வேலையிலதான் இருக்கும்."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. ஓடிப்போய்ச் சரி அடையாளத்தைப் போட்டேன். அங்கே, "வந்திட்டுது அண்ணை," என்ற குரல் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து விம்மல் கேட்டது. முதல்நாள் வியாழனுக்குள் பதில் அனுப்பாவிட்டால் அழைப்பு இரத்தாகும் என்று கடிதத்தில் இருந்ததாம்.

நான் மதிலருகே போனேன். சோமசேகரம் அவர் முன் தலைகுனிந்து நின்றார்.

"நான் முதல் பூட்டின முனைதான் பிழை. என்னை மன்னிச்சுக் கொள்ளுங்கோ."

சொல்ல வாயெடுத்தேன். வெட்கம் தடுத்தது.

அடுத்த அழைப்பு வரப் பதின்மூன்று மாதங்கள் சென்றன. சோமசேகரம் அதன்பின் எவர் வீட்டுக்கும் வயர் இழுக்கவில்லை. ஒருநாள் சந்தையில் கண்டு காரணம் கேட்டேன்; கேட்கும் துணிவு எனக்கு எங்கிருந்து வந்ததோ.

"ஏலாது மாஸ்ரர். என்ர கையில எனக்கே நம்பிக்கை விட்டுப்போச்சு," என்றார்.

நான், "ஓம், வயது போகுதுதானே," என்றேன்.