மூணு அடுப்பு வளவு

எனக்குச் சொந்த ஊர் பெரியகல்லாறு. கலியாணம் முடிச்சு நாவற்குடாவுக்கு வந்தன். எங்கட பக்கத்தில ஆம்பிளைதானே பெண்சாதி வீட்டுக்குப் போறது. மாமி கண்ணை மூட முதல் மூணு மகள்மாருக்கும் தன்ட வளவுக்குள்ளேயே வீடு கட்டிக் குடுத்திட்டா. மூத்தவ ஆச்சிப்பிள்ளை, நடுவில என்ர மங்கையற்கரசி, கடைசி சீதேவிப்பிள்ளை. மூணு வீடு, மூணு குசினி. வீட்டு நம்பர் மட்டும் ஒண்டு.

மங்கையற்கரசி எப்படிப்பட்டவள் எண்டு கேட்டா, நான் பிடிச்ச றாலைச் சந்தையில விக்கிறவள். ஆரும் அநியாய விலைக்குக் கேட்டா, "உங்கட காசை நீங்களே அவிச்சுத் தின்னுங்க" எண்டு சொல்லிப்போட்டு றாலைத் திரும்பக் கூடைக்குள்ள கொட்டிருவாள். எனக்கு ஏச்சு விழாத நாள் குறைவு. ஆனா காய்ச்சல் எண்டு படுத்தா, கஞ்சியோட பக்கத்தில இருந்து ஏசுவாள்.

தொண்ணூத்தெட்டில ஆமி ஆத்துக்கு இறங்க வேணாம் எண்டு சொல்லிற்றான். தோணியைக் கரையில கவிழ்த்துப் போட்டம். பிறகு எங்களுக்கு எல்லாமே நிவாரண அட்டைதான். அதைக் காட்டினா சங்கக்கடையில அரிசி, மா, பருப்பு தருவாங்க. எனக்கு ரெண்டு புள்ளைகள். சீதேவிக்கு ஒரு கைக்குழந்தை. அவள்ர புருசன் யோகராசாவைச் சோதனைச்சாவடியில ஆமி பஸ்ஸால இறக்கினது, ஆள் இன்னும் வரல்ல.

பொய் சொல்லக் கூடாது, நிவாரணத்தில களவு நடந்ததுதான். செத்தவன்ட அட்டைக்கும் அரிசி போச்சு. கனடாவுக்குப் போனவனும் இஞ்ச பருப்பு வாங்கினான். கல்குடாவில பதிஞ்ச சிலபேர் இஞ்சயும் பதிஞ்சு ரெண்டு கையாலயும் அள்ளினாங்க. அதைப் பிடிக்கத்தான் நிவாரண அட்டை பதியிற கந்தோருக்குக் கொம்பியூட்டர் வந்திச்சு. நல்ல வேலை, நான் குறை சொல்லமாட்டன். ஆனா அதுக்குப் பாடம் சொல்லிக் குடுத்தவன் எங்கட வளவைக் கண்டானா? ஒரு வீட்டு நம்பருக்கு ஒரு குடும்பம், மிச்சமெல்லாம் களவு அட்டை எண்டு சொல்லிக் குடுத்திட்டான். அது மூத்தவவின்ட அட்டையை வெச்சுக்கொண்டு மத்த ரெண்டையும் வெட்டிற்று.

அண்டையிலிருந்து ஒரு அட்டை அரிசியில மூணு குடும்பம். மங்கையற்கரசி கந்தோருக்கு நடந்தாள், நடந்தாள், நடந்துகொண்டே இருந்தாள். கடைசியா றவூப் எண்டு ஏறாவூர்க்காரர் ஒருத்தர், கொம்பியூட்டர் வேலைக்குப் பொறுப்பானவர், அவள்ர கரைச்சல் தாங்காம வாயைத் திறந்தார்.

"தங்கச்சி, புதன்கிழமை நானே வாறன். அடுப்பு வேறயா எரிஞ்சா குடும்பம் வேற. அதை என்ர கண்ணால பாத்தாத்தான் பதிவை மாத்தேலும்."

வீட்டுக்கு வந்தவள் தலையில கையை வெச்சுக்கொண்டு இருந்திட்டாள். இப்ப எங்கட வளவில எரியிறது ஆச்சிப்பிள்ளையின்ட அடுப்பு மட்டும்தானே!

புதன்கிழமை விடிய அவள் ஒரு வேலை பாத்தாள். தன்ட குசினியில ஒரு பானை, சீதேவியின்ட குசினியில ஒரு பானை, ரெண்டிலயும் வெறும் தண்ணி, கீழ நல்ல நெருப்பு. "நீங்க வாயைத் திறக்கப்படாது" எண்டு எனக்குக் கட்டளை.

றவூப் வந்தார். மூணு குசினியிலயும் புகையைக் கண்டு முகம் மலர்ந்திச்சு. சீதேவியின்ட குசினிக்குள்ள போய், "என்ன, சோறா?" எண்டு கேட்டுக்கொண்டு மூடியைத் தூக்கினார். தண்ணி தளதளவெண்டு கொதிச்சுது.

"என்ன தங்கச்சி இது? ஏமாத்துவேலையா?" எண்டார். முகம் கறுத்துப்போச்சு. சரி, எல்லாம் முடிஞ்சுது எண்டு நினைச்சன். இனி களவு அட்டைக்காரர் எண்ட பேரும் சேந்து வரப்போகுது.

மங்கையற்கரசி வெடிச்சாள்.

"ஏமாத்துத்தான் சேர்! தண்ணியைத் தவிர வேற என்னத்தைக் கொதிக்க வைக்க? நீங்கதானே அரிசியை நிப்பாட்டினது? அரிசியையும் நிப்பாட்டிப்போட்டு, அடுப்பு எரியுதா எண்டு பாக்கவும் வாறீங்களே! அரிசியைத் தாங்க. மறுகா வந்து மூடியைத் தூக்கிப் பாருங்க!"

றவூப் மூடியை மெல்லமாப் பானைக்கு மேல வெச்சார்.

"என்ர பெண்சாதியின்ட வளவிலயும் மூணு குசினிதான்," எண்டார். "அந்தக் கொம்பியூட்டரைக் கேட்டா எங்களையும் களவன் எண்டுதான் சொல்லும். இது என்ர மண்டையில ஏன் முதலே ஏறல்ல?"

அந்த இடத்திலேயே மூணு குடும்பம் எண்டு எழுதிக் கையெழுத்து வெச்சார். ஒரு வளவுக்குள்ள எத்தனை அடுப்பு எண்டு கேட்டிட்டுத்தான் அட்டையை வெட்டோணும் எண்டு, அந்தக் கொம்பியூட்டருக்கும் பிறகு பாடம் மாத்தினாராம். எங்களைப்போல வெட்டுப்பட்ட கனபேருக்கு அட்டை திரும்பி வந்திச்சு. எனக்கு அண்டைக்குத்தான் மூச்சு வந்தது.

அடுத்த கிழமை சங்கக்கடையால அரிசியைத் தலையில தூக்கிக்கொண்டு வந்தன். மங்கையற்கரசி தன்ட அடுப்பில உலை வெச்சாள். அக்காவின்ட பானையில சாப்பிட்ட நாளெல்லாம், புள்ளைகள் இன்னொருக்காச் சோறு கேட்டா, ஆருக்கும் தெரியாமத் துடையில கிள்ளுவாள். அண்டைக்குப் புள்ளைகள் தின்னு முடிச்சிட்டு, பழக்கதோசத்தில சோத்துக் கோப்பையைத் தூக்கிக்கொண்டு எழும்பிற்றுதுகள்.

"எங்க எழும்புறீங்க? இருங்கடா!" எண்டு சத்தம் போட்டாள். "இது எங்கட சோறு. கேளுங்க, கேட்டுத் தின்னுங்க!"