உக்கிரபாண்டியின் சத்தம்

யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே என்பார்கள். உக்கிரபாண்டிக்கு மணியே வேண்டாம், சத்தம் முன்னால் வந்துவிடும். சிவகாசிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் அவர் போர்மேன். உள்ளே செல்போனுக்கு அனுமதியில்லை. மேகம் கறுத்து இடி இறங்குகிற மாதிரி இருந்தால் வேப்பமரத்தடியில் நின்று, "வேலையப் போட்டுட்டு வெளிய வாங்கத்தா!" என்று குரல் கொடுப்பார். கடைசி ரூம் வரை கேட்கும். மணி ஒன்று தொங்கினாலும் பெண்கள் நம்பியது அந்தத் தொண்டையைத்தான்.

அதில்தான் வலி வந்தது. வெடிமருந்துத் தூசிக்கு வாழைப்பழம் என்பது அங்கே எல்லோரும் நம்புகிற வைத்தியம். மனிதர் சீப்புச் சீப்பாகத் தின்றார். கழுத்தில் நெல்லிக்காய் கணக்காய் நெறிகட்டிய பிறகு, "பழக்கடைக்காரனை வாழவச்சது போதும், கெளம்புங்க" என்று மனைவி வெள்ளைத்தாய் மதுரைக்கு இழுத்துப்போனாள். தொண்டையில் புற்றுநோய் என்றார்கள்.

தாடையைப் பிளக்காமல் வாய் வழியாகவே ரோபோ வைத்துக் கட்டியை எடுக்கலாம், கழுத்தைக் கீறி நெறிகட்டிகளையும் அப்போதே எடுத்துவிடலாம் என்றார் டாக்டர் ஜெயசீலி.

"மிஷினா வெட்டும்?"

"வெட்டுறது நான்தான்யா. நான் கைய அசைச்சாத்தான் அது அசையும்."

"பழையபடி கத்த முடியுமாம்மா?"

"பேசுவீங்க. கத்துறதுக்கு நான் வாக்குக் குடுக்க முடியாது."

மகராசி, பொய் சொல்லவில்லை. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மூக்கு வழியாகக் கஞ்சி ஊற்றிய குழாயை எடுத்தபின் முதலில் விழுங்கியது மசித்த வாழைப்பழம். "மறுபடியும் பழமா!" என்று வெள்ளைத்தாய் சிரித்தாள், அவர் அழுதார். கரண்டு வைப்பது என்கிற கதிர்வீச்சையும் முடித்து வேலைக்குத் திரும்பினார்.

ஒரு மத்தியானம் வானம் கறுத்தது. மரத்தடியில் நின்று கூப்பிட்டார். ஐயோ, காற்றுத்தான் வந்தது. இன்னொரு தடவை கூப்பிட்டதில் தொண்டை எரிந்தது. அவ்வளவுதான் என்று மணியை அடிக்க ஓடினார்.

அதற்குள் முதல் ரூமிலிருந்து பொன்னுத்தங்கம் வெளியே வந்து, "அண்ணாச்சி கூப்பிடுறாக! வேலையப் போட்டுட்டு வெளிய வாங்கத்தா!" என்று கத்தினாள். அடுத்த ரூம் அதை வாங்கிக் கத்தியது. அதற்கடுத்த ரூமும். அவர் இழுக்கிற அதே இழுப்பு! கடைசி ரூம்வரை போய், எல்லோரும் வெளியே வந்துவிட்டார்கள்.

"கேட்டுச்சா தாயி?" என்றார் பொன்னுத்தங்கத்திடம்.

"கேக்காம? வானம் கறுத்தா நாங்க பேச்ச நிறுத்திட்டு உங்களுக்குத்தான காது குடுத்திருக்கோம்."

உக்கிரபாண்டி கையெடுத்துக் கும்பிட்டார்.