ஏழாம் மேசையில் ஒரு கட்டு

அக்கா தன் வேட்புமனுவை வாபஸ் வாங்க மதியம் மூன்று மணி வரை நேரம் இருந்தது. பன்னிரண்டரைக்கே தம்பி அவளுடைய டிரைவிங் ஸ்கூலுக்கு வந்து உட்கார்ந்துவிட்டான்.

ஸ்கூல் என்றால் ஒரே அறை. ஒரு மேசை, சாலை விதிகள் அச்சடித்த படம், காத்திருப்பவர்களுக்கு மூன்று பிளாஸ்டிக் நாற்காலி. வாசலில், தலையில் மஞ்சள் பலகை வைத்த வெள்ளைக் கார். அந்தக் காரில் ஓட்டுபவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து, தன் காலடியில் தனியாகப் பொருத்திய பிரேக்கின் மேல் ஒரு பாதத்தை வைத்தபடியே, இருபத்தோரு வருஷமாக ஊரில் பாதிப் பேருக்கு வண்டி ஓட்டக் கற்றுக் கொடுத்தவள் அவள். 'பிரேக் அக்கா' என்றால்தான் ஊருக்குத் தெரியும். அறுபத்தெட்டு வயதில் அவளிடம் வண்டி கற்றுக்கொண்ட ஓய்வுபெற்ற தபால்காரர்கூட அவளை அக்கா என்றுதான் கூப்பிடுவார். அவளுக்கு வயது நாற்பத்தொன்பது.

தம்பி எதிர்க்கட்சியின் வட்டாரச் செயலாளர். இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடாதவன் முகம்.

"அக்கா, சுத்தி வளைக்காம சொல்றேன். நீ ஜெயிக்கப் போறதில்ல. அது உனக்கே தெரியும்."

"தெரியும்."

"ஆனா நாலாயிரம் ஓட்டு வாங்குவ. அந்த நாலாயிரமும் எங்க ஓட்டு. ஆளுங்கட்சி மேல கோவமா இருக்கிறவன்தான் உனக்குப் போடுவான். அப்போ யார் ஜெயிப்பா? அவனேதான். உன் கட்சி சின்னம் கத்தரிக்கோலாம். ஓட்டை வெட்ட வந்தவளுக்குப் பொருத்தமான சின்னம்தான்னு ஆபீஸ்ல சிரிக்கிறாங்க."

"சிரிக்கட்டும். நம்ம வீட்டுல யாரும் இதுவரைக்கும் யாரையும் சிரிக்க வெச்சதில்ல."

அவன் சிரிக்கவில்லை. "வீட்டுல இருக்கிற அக்காவையே நிறுத்த முடியாதவன் வட்டாரத்தை எப்படி நடத்துவான்னு என் மூஞ்சிக்கு நேரா கேக்கறாங்க. அதுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

அவள் அரசியலுக்கு வந்தது ஒரு நாற்சந்தியால். நகரத்தின் பெரிய பள்ளிக்கூடத்துக்கு எதிரே நெடுஞ்சாலை குறுக்கே ஓடுகிறது. சிக்னல் இல்லை, கடக்கப் பாலம் இல்லை. அவளிடம் கற்றுக்கொண்டு லைசென்ஸ் வாங்கிய ஒரு பெண், வாங்கிய பதினொன்றாம் நாள் அங்கே லாரியில் அடிபட்டுச் செத்தாள். வண்டியில்கூட இல்லை, மகளைப் பள்ளியில் விட்டுவிட்டு நடந்து ரோட்டைத் தாண்டும்போது. பிரேக் அக்கா இரண்டாயிரம் கையெழுத்து வாங்கிக்கொண்டு இரண்டு பெரிய கட்சிகளிடமும் போனாள். ஆளுங்கட்சிக்காரர் "அடுத்த பட்ஜெட்ல பாக்கலாம்" என்றார். எதிர்க்கட்சிக்காரர் "நாங்க வந்தா மொத வேலை அதுதான்" என்றார். இரண்டு கட்சியும் மாறி மாறிப் பதினைந்து வருஷம் ஆண்டிருந்தன. ஒரே ஒரு சிறிய கட்சிதான் அந்த மனுவை முழுசாகப் படித்தது. அந்தக் கட்சியின் உள்ளூர்க் கிளை மொத்தத்தையும் அவள் காரில் ஏற்றிவிடலாம். அப்போதும் பின்சீட்டில் ஒரு இடம் மிஞ்சும்.

கடிகாரம் மூன்றைத் தாண்டியது. தம்பி அதையே பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்தான்.

"சரி. நாளைக்கு ஏதாவது ஒண்ணு ஆச்சுன்னா என்னைக் குறை சொல்லாதே" என்றான். அது மிரட்டலா, மனத்தாங்கலா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. போகும்போது அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

அதற்கு ஒன்பதாம் நாள் காலை. காரை ஓட்டியது பள்ளி ஆசிரியை ஒருவர், நாலாவது பாடம். மேட்டிலிருந்து நாற்சந்தியை நோக்கி இறங்கும் சாலை. "மெதுவா பிரேக் வைங்க" என்றாள் அக்கா. ஆசிரியை காலை வைத்தார். வண்டி கேட்கவில்லை. அக்கா தன் பிரேக்கை மிதித்தாள். அது தண்ணீரில் மிதித்தது போல் அடிவரை போய் அங்கேயே நின்றுவிட்டது.

கீழே நாற்சந்தியில் பள்ளிப் பேருந்து ஒன்று குறுக்கே திரும்பிக்கொண்டிருந்தது.

"ரெண்டு காலையும் எடுங்க. ஸ்டியரிங்கை விடாதீங்க. என் கையைப் பாக்காதீங்க, ரோட்டைப் பாருங்க." அவள் குரல் பாடம் நடத்தும் குரலாகவே இருந்தது. தன் பிரேக்கை ஒட்டிப் பொருத்தியிருந்த கிளச்சை மிதித்து, கியரை மூன்றிலிருந்து இரண்டுக்கும் இரண்டிலிருந்து ஒன்றுக்கும் இறக்கினாள். என்ஜின் அலறியது. கைப்பிரேக்கைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்தபடியே மற்றக் கையால் ஸ்டியரிங்கைத் திருப்பினாள். சாலையோரம் கட்டிட வேலைக்குக் கொட்டியிருந்த மணல் குவியலில் வண்டி மூக்கைப் புதைத்து நின்றது. பேருந்து ஒன்றும் அறியாமல் திரும்பிப் போனது.

ஆசிரியை அழுதார். அக்காவுக்கு அழுகை வரவில்லை. இறங்கிப் போய்ச் சக்கரத்துக்கு ஒரு கல்லை முட்டுக் கொடுத்தாள்.

மெக்கானிக் காருக்கு அடியில் படுத்துப் பார்த்துவிட்டு வந்தார். "பிரேக் பைப் போயிருக்குக்கா. தேஞ்ச மாதிரியும் இருக்கு. அறுத்த மாதிரியும் இருக்கு. சத்தியம் பண்ணிச் சொல்லச் சொன்னா முடியாது."

அன்று சாயங்காலம் அவள் தம்பிக்குப் போன் செய்தாள். நடந்ததைச் சொன்னாள். "உங்க ஆளுங்களா?" என்று கேட்டாள்.

"என்னைப் பாத்தா இப்படிக் கேக்கற?" என்றான் அவன். இல்லை என்று மட்டும் சொல்லவில்லை.

மருந்துக் கடையில் வேலை பார்க்கும் அவள் கணவர், தன் ஆயுளில் குரலை உயர்த்தாத மனிதர், முதல்முறையாகக் கதவைத் தாழிட்டுவிட்டு அதன் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தார். "போதும். விட்டுடலாம். பாலம் வேணாம், ஒண்ணும் வேணாம்."

"என்னங்க, இப்போ விட்டா பயந்துட்டேன்னு ஆகும்."

"பயந்தா என்ன? நான் பயந்துட்டுத்தான் இருக்கேன்."

அவள் அவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். தானும் பயந்துகொண்டுதான் இருக்கிறேன் என்று சொல்லவில்லை. ஆனாலும் அவருக்குத் தெரிந்தது. மறுநாள் முதல், அவள் காரை எடுக்கும் முன் அவரே அடியில் குனிந்து பார்த்துவிட்டுத்தான் கடைக்குப் போனார். என்ன பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தெரியாது, பார்த்தார்.

வாக்கு எண்ணிக்கை ஒரு கல்லூரி மண்டபத்தில் நடந்தது. அங்கே ஓட்டு மெஷின் இன்னும் வந்திருக்கவில்லை, வாக்குச் சீட்டுதான். பதினான்கு மேசைகள், கம்பிவலைக்கு இந்தப் பக்கம் கட்சிகளின் முகவர்கள், அந்தப் பக்கம் எண்ணுபவர்கள். சீட்டுகளைச் சின்னம் வாரியாகப் பிரித்து, ஐம்பது ஐம்பதாகக் கட்டி, தட்டுகளில் அடுக்கினார்கள். காலையில் எதிர்க்கட்சி முன்னால் இருந்தது, மதியம் ஆளுங்கட்சி. சுற்றுக்குச் சுற்று வித்தியாசம் நானூறு, இருநூறு, தொண்ணூறு என்று சுருங்கிக்கொண்டே வந்தது. யாரும் சாப்பிடப் போகவில்லை.

நாலு மணிக்குக் கடைசிச் சுற்று முடிந்தது. ஆளுங்கட்சி முப்பத்தொரு ஓட்டு முன்னிலை. கத்தரிக்கோலுக்கு நாலாயிரத்து இருநூற்றாறு.

எதிர்க்கட்சி வரிசையில் இருந்து எல்லாக் கண்களும் அவள்மேல் திரும்பின. தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அவர்களுடைய வேட்பாளர் மறு எண்ணிக்கை கேட்டார். தேர்தல் அதிகாரி, மெல்லிய குரல் கொண்ட ஒரு பெண்மணி, மறுத்துவிட்டார். "சந்தேகமா இருக்குன்னு பொதுவா சொன்னா நான் ஒண்ணும் செய்ய முடியாது. எந்த மேசை, எந்த வாக்குச்சாவடி, என்ன தப்புன்னு எழுதிக் குடுங்க. பத்து நிமிஷம் தர்றேன். அப்புறம் கையெழுத்துப் போட்டுடுவேன்."

அவர்களிடம் குறிப்பாக எதுவும் இல்லை.

அப்போதுதான் தபால்காரர் அவள் முழங்கையைத் தொட்டார். ஏழாம் மேசையில் அவளுடைய முகவர் அவர்தான். நாற்பது வருஷம் கடிதங்களைப் பிரித்த கண். கூடவே ஒரு நோட்டில் கோடு கோடாகக் குறித்து வைத்திருந்தார்.

"அக்கா, பள்ளிக்கூடத்துச் சாவடி. நமக்கு நான் குறிச்சது அம்பத்தெட்டு. எண்ணினவங்க தாள்ல ஒம்போதுன்னு இருக்கு. இப்பத்தான் ஒத்துப் பாத்தேன்."

"நீங்க தப்பா எண்ணியிருக்கலாமே?"

"ஒண்ணு ரெண்டு தப்பும். நாப்பத்தொம்போது தப்பாது. நம்ம கட்டு ஒண்ணு ஆளுங்கட்சித் தட்டுக்குப் போயிருக்கு. மேல அவங்க சீட்டு ஒண்ணு தவறி உக்காந்திருக்கும், அதைப் பாத்துட்டுத் தூக்கி வெச்சிருப்பாங்க."

அவள் மனதுக்குள் கணக்குப் போட்டாள். ஆளுங்கட்சிக்கு நாற்பத்தொன்பது குறைந்தால், முப்பத்தொன்று முன்னிலை போய்ப் பதினெட்டு பின்னடைவு. எதிர்க்கட்சி ஜெயிக்கும். தம்பியின் கட்சி ஜெயிக்கும்.

பக்கத்தில் யாரோ தொண்டையைச் செருமினார்கள். ஆளுங்கட்சியின் தலைமை முகவர், வக்கீல் ஒருவர். எவ்வளவு நேரமாக அங்கே நிற்கிறார் என்று தெரியவில்லை.

"அம்மா, ஒரு வார்த்தை. நாப்பத்தொம்போது கூடினா நீங்க ஜெயிச்சிடுவீங்களா?"

"இல்ல."

"டெபாசிட்டாவது கிடைக்குமா?"

"கிடைக்காது."

"அப்போ இது யாருக்காக? உங்களை ஆறு வாரமா ஓட்டை வெட்ட வந்தவள்னு திட்டினவங்களுக்கா?" அவர் குரலைத் தாழ்த்தினார். "உங்க பிரேக் பைப் விஷயம் ஊருக்கே தெரியும். யார் செஞ்சிருப்பாங்கன்னு உங்களுக்குத் தெரியாதா?"

அவள் கம்பிவலைக்கு அப்பால் தட்டுகளைப் பார்த்தாள். சரிவில் இறங்கிய அந்தக் காலை திரும்ப வந்தது. அடிவரை போன பிரேக், குறுக்கே திரும்பிய பேருந்து. வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். பொய் சொல்ல வேண்டியதில்லை, எதுவும் செய்ய வேண்டியதில்லை. சும்மா இருந்தால் தானாகவே நடந்துவிடும்.

"ஆறு நிமிஷம் இருக்கு" என்றார் அதிகாரி.

ஒன்பது. பள்ளிக்கூடத்துச் சாவடியில் ஒன்பதே பேர். காலையில் அந்த எண்ணைத் தாளில் பார்த்தபோது அவளுக்கு வலித்தது. நாற்சந்தியைத் தினமும் தாண்டுகிறவர்களே தன்னை நம்பவில்லை என்று நினைத்தாள். இப்போது அவர்கள் ஐம்பத்தெட்டுப் பேர். வரிசையில் நின்று, இவள் ஜெயிக்க மாட்டாள் என்று தெரிந்தே, கத்தரிக்கோலில் குத்திவிட்டுப் போனவர்கள்.

"ஒரு பேப்பர் குடுங்க" என்றாள் தபால்காரரிடம்.

வக்கீல் மேலும் ஏதோ சொன்னார். அவள் காதில் விழவில்லை. மேசை எண், சாவடி எண், குறிப்பின்படி இவ்வளவு, தாளின்படி இவ்வளவு. எழுதி, கீழே கையெழுத்துப் போட்டு நீட்டினாள்.

அதிகாரி அதை இரண்டு தடவை படித்தார். "இது குறிப்பா இருக்கு" என்றார்.

ஏழாம் மேசைக்கு அந்தச் சாவடியின் கட்டுகளைக் கொண்டுவந்தார்கள். ஆளுங்கட்சித் தட்டில் ஐந்து கட்டுகள். முதல் கட்டு சரி. இரண்டாவது சரி. மூன்றாவது, நான்காவது சரி. தபால்காரரின் உதடு காய்ந்து வெளுத்திருந்தது. அவள் தம்பி இப்போது தலை நிமிர்ந்து, என்ன நடக்கிறது என்று புரியாமல், வலையைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

ஐந்தாவது கட்டின் ரப்பர்பேண்டை எடுத்தார்கள். மேலே ஆளுங்கட்சிச் சீட்டு. அதற்குக் கீழே கத்தரிக்கோல். அதற்கும் கீழே கத்தரிக்கோல். எண்ணுபவர் ஒவ்வொன்றாகத் தூக்கிக் காட்டி மேசையில் வைத்தார். நாற்பத்தொன்பது முறை.

எதிர்க்கட்சி பதினெட்டு ஓட்டில் ஜெயித்தது.

வெளியே ஒரு பக்கம் ஆர்ப்பாட்டம், மறுபக்கம் வசவு. அவளுடைய கட்சித் தலைவர் போனில் கூப்பிட்டு, "நம்மளை இனிமே அவங்க எடுபிடின்னு சொல்லுவாங்கம்மா. என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்" என்றார். அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. "ஆறு நிமிஷம்தான் இருந்துச்சு, ஐயா" என்றாள்.

தம்பி எட்டு நாள் கழித்து வீட்டுக்கு வந்தான். வாசலிலேயே நின்றான். கணவர்தான் "உள்ள வா" என்றார். உட்கார்ந்து தண்ணீர் குடித்தான்.

"எங்களுக்காக ஏன்கா செஞ்ச?"

"உங்களுக்காகன்னு யார் சொன்னா? என் ஓட்டை எண்ணச் சொன்னேன்."

அவன் டம்ளரைக் கையில் சுற்றிக்கொண்டே இருந்தான். "அந்தப் பைப்பு... அது நாங்க இல்லக்கா. எனக்குத் தெரிஞ்சு இல்ல."

எனக்குத் தெரிஞ்சு. அந்த இரண்டு வார்த்தையை அவள் கேட்டாள், கணவரும் கேட்டார். அவனிடம் இருந்த உண்மை அவ்வளவுதான். அதைக் கொண்டுவந்து வைத்துவிட்டான். உடன்பிறந்தவனை அதற்கு மேல் உரிக்க அவளுக்கு மனம் வரவில்லை. முழுசாக நம்பவும் முடியவில்லை. இன்றுவரை அது அப்படியேதான் இருக்கிறது.

அவள் உள்ளே போய் மனுவின் புதிய பிரதியை எடுத்து வந்து அவன் மடியில் வைத்தாள். "உங்க எம்எல்ஏ கிட்ட குடு. கையெழுத்தும் தேதியும் வாங்கிட்டு வா. 'பாக்கலாம்'னு சொன்னா அதையும் எழுதி வாங்கிட்டு வா."

அவன் வாங்கி வந்தான். மூன்று தடவை நடந்து, மூன்றாம் தடவை வாங்கி வந்தான்.

பாலம் இன்னும் வரவில்லை. எட்டாம் மாதம் சிக்னல் வந்தது. முதல் நாளே சிவப்பு விளக்கு நாற்பது நிமிஷம் மாறாமல் நின்றுவிட்டது. நாலு திசையிலும் வண்டிகள் தேங்கின. எம்எல்ஏ அலுவலகத்துக்கு ஒருவர்கூடப் போன் செய்யவில்லை. எல்லோரும் டிரைவிங் ஸ்கூலுக்குத்தான் செய்தார்கள். அவள் பாடத்தைப் பாதியில் நிறுத்திவிட்டு, மாணவியையே நாற்சந்திக்கு ஓட்டச் சொன்னாள்.