செல்லமுத்து அண்ணன் பூசாத சிவப்பு

அன்று நான் சொல்லாமல் விட்டது நான்கு சொற்கள்: அந்தச் சிவப்பை நான்தான் பூசினேன்.

சென்ற மாதம் ஒரு காலை, வெட்டவேண்டிய மரங்களின் பட்டியலை எழுதிக்கொண்டிருந்தபோது கலகெதரவிலிருந்து தொலைபேசி வந்தது. "அக்கா, அப்பா போயிட்டாருங்க" என்றாள் செல்லமுத்து அண்ணனின் மகள் ரேணுகா. தேநீர் குடித்துக்கொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்தபடி கதிரையிலேயே சாய்ந்துவிட்டாராம். ஐம்பத்து நான்கு வயது. அவள் பேசிக்கொண்டே இருந்தாள். இனி அவரிடம் சொல்ல முடியாது என்பது மட்டுமே எனக்கு விளங்கியது.

திகனயில் எங்கள் விறகுகாலைக்கு, அந்த விறகுக் கிடங்குக்கு, வந்துபோனவர்களுக்கு அவரை நான் அறிமுகப்படுத்தத் தேவையில்லை. மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். கூரைமேல் சாய்ந்த மரங்களையும் மின்கம்பியில் உரசும் கொப்புகளையும் வெட்டிக் கொடுப்போம். வெட்டியதை விறகாக்கி பேக்கரிகளுக்கும் விடுதிச் சமையலறைகளுக்கும் அனுப்புவோம். முதலாளியை எல்லாரும் ஹாஜியார் என்போம். நான் அலுவலக மேசை. மற்றதெல்லாம் செல்லமுத்து அண்ணன்.

அவர் வருமுன் கொப்புகள் வெட்டியபடியே லொறியில் ஏறுமாம். பாதி லொறி இலையும் காற்றும். வந்த கொப்பை இறக்கி, இழுத்து, துண்டாக்கி, மறுபடி தூக்கி அடுக்குவார்களாம். செல்லமுத்து அண்ணன் அந்த வேலைகளை மரத்தடிக்கே கொண்டுபோனார். பேக்கரியின் அடுப்பான போறணையின் நீளத்துக்கு ஒரு கம்பு வைத்திருந்தார். மரம் விழுந்த இடத்திலேயே அந்தக் கம்பை வைத்து அளந்து அறுப்பார். பச்சையாக இருக்கும்போதே பிளப்பார், காய்ந்தபின் பிளக்கக் கோடரிக்கு இரட்டை வேலை என்று. "ஒரு கட்டைய மூணு தடவ தூக்கினா, நம்ம முதுகுதாங்க விறகு" என்பார்.

ஒருமுறை பேராதனையில் ஒரு வீட்டுக்கு நானும் போயிருந்தேன். வீட்டுக்கார அம்மா வாசலில் நின்று, "இந்தக் குப்பை ஒரு இலை மிச்சமில்லாமப் போகணும்" என்றார். அண்ணன் இலைகளையெல்லாம் கொத்தி அவருடைய வாழைகளைச் சுற்றிக் குவித்துக்கொண்டிருந்தார். "குப்பை இல்லீங்கம்மா, இது உங்க வாழைக்குச் சோறு. எடுத்துட்டுப் போகச் சொன்னா கொண்டுபோறோம், அப்புறம் நீங்க உரத்துக்குக் கடைக்குப் போகணும்." அம்மா சிரிக்காமலே உள்ளே போய், எங்கள் எல்லாருக்கும் பிளேன்டீ கொண்டுவந்தார். நான் லொறியில் புத்தகம் வாசித்துக்கொண்டிருந்ததைப் பார்த்துவிட்டு அண்ணன் சொன்னார்: "வாசிங்க தங்கச்சி, வாசிங்க. அதுவும் காய்ஞ்ச மரம்தானே."

விறகு அடுக்குகளுக்கு அவர் ஓர் ஒழுங்கு வைத்திருந்தார். பச்சை விறகென்றால் அடுக்கின் முகப்பில் சுண்ணாம்புக் கோடு. மாதங்கள் போனபின் அதிலிருந்து இரண்டு கட்டைகளை உருவி ஒன்றோடொன்று தட்டுவார். கணீரென்று கேட்டால் காய்ந்துவிட்டதென்று செங்காவி கரைத்துச் சிவப்புக் கோடு பூசுவார். சிவப்பு இல்லாத அடுக்கை லொறிக்காரர்கள் தொடமாட்டார்கள். சிவப்பை அவரைத் தவிர வேறு யாரும் பூசியதுமில்லை.

மூன்று வருடங்களுக்கு முன், ஹஜ்ஜுப் பெருநாள் நெருங்கியபோது நான்கு நாள் விடாத மழை. சாரலில் பக்கத்துப் பக்கத்து அடுக்குகள் இரண்டின் கோடுகள் கழுவுண்டு போயின. செல்லமுத்து அண்ணன் பேராதனையில் மரத்தின்மேல் இருந்தார். நான் வேலைக்கு வந்து ஆறு மாதம். உதவியாக ஏதாவது செய்யவேண்டுமென்ற அவசரம். இடப்பக்கத்து அடுக்குத்தான் சிவப்பு என்று எனக்கு நிச்சயமாக ஞாபகம் இருந்தது. காவி வாளியை எடுத்துப் பூசினேன். தட்டிப் பார்க்கவில்லை. யாரிடமும் சொல்லவுமில்லை, சொல்லவேண்டிய விஷயமாக அது அப்போது தோன்றவில்லை. பின்னேரம் லொறிக்காரர்கள் அதை ஏற்றிப்போனார்கள்.

மறுநாள் பெருநாளுக்கு முந்திய நாள். காலை பத்து மணிக்குப் பேக்கரிக்காரர் வந்து நின்றார். கண்கள் சிவந்திருந்தன. "போறணை முழுக்கப் புகை! பாண் வேகல்ல, பணிஸ் வேகல்ல. கடை வாசல்ல சனம் நிக்குது ஹாஜியார், நான் என்னத்தைக் குடுக்குற?"

ஹாஜியார் செல்லமுத்து அண்ணனைக் கூப்பிட்டார். "பச்சை விறகுல சிவப்புப் பூசி ஈக்குது. ஒங்கட கண்ணுக்கு என்ன நடந்த?"

அண்ணன் மிச்சமிருந்த அடுக்கின் முன்னால் போய் நின்றார். இரண்டு கட்டைகளைத் தட்டினார். பிறகு அந்தச் சிவப்புக் கோட்டையே பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். "நான் பூசின ஞாபகம் இல்லீங்க, முதலாளி" என்றார். பிறகு மெல்ல, "ஆனா நான்தான் பூசியிருப்பேன். வேற யாரு பூசுவா?"

நான் இரண்டடி தள்ளி, மேசையருகே நின்றேன். வீட்டில் என் சம்பளத்தை நம்பித்தான் தங்கை படித்துக்கொண்டிருந்தாள். இது காரணம், சமாதானம் இல்லை. ஹாஜியார் கோபம் ஆறினால் சரியாகிவிடும், அப்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். கோபம் ஆறுமுன்பே, "நாளைக்கு வர வேணாம்" என்று அவர் சொல்லிவிட்டார். செல்லமுத்து அண்ணன் தன் கோடரியை மட்டும் எடுத்துக்கொண்டார். போகும்போது என்னிடம், "மழை நேரம், பத்திரமாப் போங்க தங்கச்சி" என்றார். கலகெதரவில் மகள் வீட்டோடு போய், ஒரு விடுதிச் சமையலறையில் விறகு கொத்தினார். மூன்று வருடங்கள். பேருந்தில் ஒன்றரை மணி நேரம்கூட இல்லாத தூரம். நான் போகவில்லை.

சாவு வீட்டில் ரேணுகா என்னிடம் சொன்னாள்: "இங்க வந்த பொறகு அப்பா எல்லாத்தையும் ரெண்டு தடவ பாப்பாருங்க அக்கா. கதவப் பூட்டினேனா, அடுப்ப நிறுத்தினேனான்னு. மறதி வந்துருச்சுன்னு பயம். டொக்டர் ஒண்ணுமில்லன்னாரு. அவரு நம்பல." அங்கும் நான் பேசவில்லை. முற்றத்தில் உட்கார்ந்திருந்த யாரோ, "நல்ல மனுசன், அந்த ஒரு தடவ தவறிட்டாரு" என்றார்கள். உங்களில் ஒருவராக இருக்கலாம்.

பதினாறாம் நாளன்று ரேணுகாவிடம் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. "அப்பாகிட்ட சொல்லியிருக்கலாமேக்கா" என்றாள். "வேற ஒண்ணுமில்ல. நிம்மதியா இருந்திருப்பாரு."

அவரை அறிந்த உங்களுக்கு இதை எழுதுவது அதற்காகத்தான். செல்லமுத்து அண்ணனுக்கு மறதி இல்லை. அவர் ஒருநாளும் பச்சை விறகில் சிவப்புப் பூசவில்லை. அவரிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பது அவருடைய நல்ல பெயர். மூன்று வருடங்களாக நான் வைத்திருந்தேன், அது எனக்குரியதல்ல.

ரேணுகாவிடம் சொன்ன மறுநாள் ஹாஜியாரிடமும் சொன்னேன். அவர் தொப்பியைக் கழற்றி மேசையில் வைத்தார். பிறகு, "சரி மகள், நாளைக்கு நேரத்தோட வாங்க, பேராதனைல ஒரு மரம் ஈக்குது" என்றார்.

நான் இப்போதும் அங்கேதான் வேலை செய்கிறேன்.