மூன்று ஹெட்போன்களும் ஒரு தராசும்

ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் மூன்றாவது சந்தில் குடியிருந்த சோலைக்கு ஓர் இடத்தில் உட்காரத் தெரியாது. சோற்றுத் தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டே சாப்பிடுகிற ஆள். காலில் வெந்நீரைக் கொட்டிக்கொண்டவன் மாதிரி எந்நேரமும் ஒரு பரபரப்பு. அப்பேர்ப்பட்டவனுக்கு எண்பத்தாறாம் வருஷம் பங்குனியில் ஒரு கெடு வேறு வந்து சேர்ந்தது என்றால் கேட்கவா வேண்டும்!

பகலெல்லாம் அவன் கப்பலூரில் தகடு வெட்டும் பட்டறையில் பிரஸ் ஓட்டினான். எட்டு வருஷமாக அதே மிஷின், அதே இடம். தகட்டை நீட்டினால் இடது தோளுக்குப் பக்கத்தில் டமார் என்று அடி விழும். எடுத்து அடுத்ததை நீட்ட வேண்டும். வீட்டுக்கு வந்தால் ஆர்மோனியப் பெட்டி. மெட்டு அவனுடையது, பாட்டு அவன் மனைவி ஒச்சம்மாளுடையது, பம்பை அவள் தம்பி சங்கிலியுடையது. துபாயிலிருந்து திரும்பிய ஒருவரிடம் தவணையில் வாங்கிய டேப் டெக் ஒன்று வீட்டில் இருந்தது. அதில் இரண்டு மைக் மாட்டலாம். இடது மைக்கில் ஒச்சம்மாள் பாடுவாள். வலது மைக்கில் பெட்டியும் பம்பையும். எந்தப் பக்கத்தை எவ்வளவு ஏற்றுவது என்று சொல்ல ஸ்பீக்கர் கிடையாது. காதில் மாட்டுகிற ஹெட்போன் ஒன்றுதான் எல்லாம்.

பஸ் ஸ்டாண்டில் கேசட் கடை வைத்திருந்த நல்லகாமன் சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் பாட்டுக் கேசட் ஒன்று போட நினைத்தார். சோலையின் மெட்டுகள் அவருக்குப் பிடித்திருந்தன. முதலில் பதிந்து கொடுத்த டேப்பைக் கடை மெஷினில் போட்டுக் கேட்டவர் முகத்தைச் சுளித்தார்.

"என்ன சோலை இது? பொம்பளக் குரல் காதக் கிழிக்குது. கொட்டு எங்கயோ கெணத்துக்குள்ள கெடக்கு. பங்குனி முடியுறதுக்குள்ள சமமாப் பதிஞ்சு குடு. இல்லாட்டி மேலூர் கோஷ்டிக்குக் குடுத்துருவேன், என்னையக் குத்தம் சொல்லக்கூடாது."

சோலைக்கு இடி விழுந்தது போலாயிற்று. அந்தக் கேசட்டை நம்பித்தான் பிரஸ்ஸை விட்டு வெளியே வரலாம் என்று இரண்டு வருஷமாகக் கனவு கண்டுகொண்டிருந்தான். ஆனால் ஆள் மண்டு இல்லை, கணக்காக யோசித்தான். ஒச்சம்மாள் குரல் இடது பக்கம். அவன் காதுக்கு அது எப்போதும் சன்னமாகக் கேட்டது. அதனால் ஏற்றிவிட்டான். அப்படியானால் ஹெட்போனில் இடது பக்கம் மட்டம். மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டார் அந்த ஐயர்! யோசனை சரிதான். ஒரே ஓர் இடத்தில்தான் வழுக்கிவிட்டது.

ஐயர் என்றால் டவுன்ஹால் ரோட்டில் ரேடியோ சாமான் கடை வைத்திருந்த ஹாலாஸ்யம். கடையில் ஒரு நாதஸ்வரக் கேசட் வைத்திருப்பார். இரண்டு பக்கமும் ஒரே அளவில் ஏறிய டேப் அது. ஹெட்போன் வாங்க வருகிறவர்கள் அதைப் போட்டுக் கேட்டுச் சோதித்துக்கொள்வார்கள். சோலை திருப்பிக் கொண்டுவந்த ஹெட்போனை அவர் தன் காதில் மாட்டி, அந்தக் கேசட்டைப் போட்டுக் கேட்டார்.

"எனக்கு ரெண்டும் ஒண்ணாத்தான் கேக்கறது, சோலை."

"காதுல பூ சுத்தாதீக சார். எட பக்கம் பாதிகூட இல்ல."

ஹாலாஸ்யம் வேறொன்றை மாற்றிக் கொடுத்தார். தெருவில் லாரியும் சைக்கிள் ரிக்‌ஷாவும் போட்ட இரைச்சலில் அது கொஞ்சம் தேவலை போலத் தெரிந்தது. அதை மாட்டிக்கொண்டு அடுத்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி பதிந்தார்கள். ஜன்னலைச் சாத்தி, கோணிச் சாக்கைத் தொங்கவிட்டு, பஸ் ஹாரன் ஓய்கிற நேரமாகப் பார்த்துப் பார்த்துப் பாடி, ஒச்சம்மாளுக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். நல்லகாமன் கடையில் போட்டால் பழைய குருடி கதவைத் திறடி. பம்பை அதே கிணற்றுக்குள்தான் இருந்தது.

கூடப் போயிருந்த சங்கிலி நடுரோட்டில் பிடித்துக்கொண்டான்.

"மச்சான், ஒம் பொண்டாட்டி கொரல மட்டும் ஊருக்குக் கேக்க வைக்கணும்னா என்னைய எதுக்கு இழுத்துவந்து கையி வீங்குற மட்டும் அடிக்க விட்ட?"

"மாப்ள, சத்தியமா எனக்குச் சமமாத்தாண்டா கேட்டுச்சு."

"கேக்கும் கேக்கும். பொண்டாட்டிதாசனுக்கு அப்படித்தான் கேக்கும். இன்னொரு மட்டம் கூப்பிட்டா வாரேன். அதுலயும் பம்பை கேக்கலைன்னா வேற ஆளப் பாத்துக்க."

இதில் வேடிக்கை என்னவென்றால், சோலையைப் பொண்டாட்டிதாசன் என்று சொன்னதை ஒச்சம்மாள் கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். அவள் கட்சியே வேறு. "கூப்பிட்டாத் திரும்பிப் பாக்காத மனுசன். எம் பேச்சுன்னா அம்புட்டு எளக்காரம்" என்று இரண்டு வருஷமாகத் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தாள். அவனுக்கு இடப்பக்கம்தான் அடுப்படி. அங்கிருந்து அவள் பத்துத் தடவை கூப்பிட்டாலும் பெட்டி முன்னால் இருப்பவன் அசைய மாட்டான். திமிர் என்றே அவள் முடிவுகட்டிவிட்டாள். கல்யாணமான புதிதில் இருந்த கொஞ்சலெல்லாம் போய், பேச்சே வசவாக மாறிப்போயிருந்தது.

கெடுவுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது சோலை மறுபடி டவுன்ஹால் ரோட்டுக்குப் பறந்தான். சனிக்கிழமை சாயங்காலம், கடை நிறைய ஆள். ஹெட்போனை மேஜைமேல் பொத்தென்று போட்டான்.

"நாலு பேரு நம்பி வார கடையில இப்படியா ஏமாத்துவீக? கெட்டுப்போன சாமானா எடுத்து எடுத்து எந் தலையில கட்டுறீக?"

சாமான் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் கைகளை எடுத்துக்கொண்டார்கள். ஒருவர் வெளியே நடந்தார். ஹாலாஸ்யத்தின் முகம் சிவந்துபோயிற்று. ஏதோ சொல்ல வாயெடுத்தவர் சோலையைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார், விழுங்கிக்கொண்டார். மூன்றாவதாக ஒன்றை எடுத்து, நாதஸ்வரக் கேசட்டையும் கூட வைத்தார்.

"இங்க வேண்டாம். ஆத்துக்கு எடுத்துண்டு போய், சத்தமில்லாத நேரத்துல நிதானமாக் கேளு" என்றார்.

ஞாயிறு மத்தியானம். சோலை மாட்டினான், கேட்டான், கழற்றினான், எழுந்து நடந்தான், மறுபடி மாட்டினான். அதே கதை. இடது பக்கம் நாதஸ்வரம் பக்கத்து ஊரில் வாசிப்பது போலக் கேட்டது. "நாசமாப் போக! ஊருல நல்ல சாமானே இல்லையா?" என்று கத்தினான்.

ஒச்சம்மாள் சாயங்காலக் கடைக்குக் கத்தரிக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தாள். பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் காய்கறிக் கடை போடுகிறவள்.

"என்ன மாமா, என்னதேன் கோளாறு அதுல?"

பதில் இல்லை. இவள் பல்லைக் கடித்துக்கொண்டு எழுந்துவந்து தோளைத் தட்டினாள். அப்போதுதான் திரும்பினான்.

"எட தட்டு ஏறி நிக்குது, வல தட்டு எறங்கி நிக்குது. அதேன் கோளாறு."

"அதுக்கு எதுக்கு இந்தக் கூப்பாடு? தராசு மேல சந்தேகம்னா தட்ட மாத்திப் போட்டுப் பாக்கணும். அந்தத் தட்டுச் சரக்க இந்தத் தட்டுல வச்சா, குத்தம் எதுலன்னு தெரிஞ்சுபோகுது. இது தெரியாமயா இம்புட்டு நாளா ஐயரு கடைக்கு அலைஞ்ச?"

அவன் பதில் சொல்வதற்குள் ஹெட்போனைக் கழற்றித் திருப்பி, இடது வலதாக, வலது இடதாக அவன் தலையில் மாட்டிவிட்டாள்.

சோலை கேட்டான். கேட்டுக்கொண்டே இருந்தான். திருப்பி மாட்டியாயிற்று, மட்டமான பக்கம் இப்போது வலது காதுக்கு வந்திருக்க வேண்டும். வரவில்லை. இடதுதான் மறுபடியும் சன்னமாகக் கேட்டது. கழற்றி அவனே ஒரு தடவை மாற்றி மாட்டினான். இடதுதான். மூன்றாம் தடவையும் இடதுதான்.

"நீ போட்டுப் பாரு, புள்ள" என்றான். ஹெட்போனைக் கழற்றி அவளிடம் நீட்டினான்.

ஒச்சம்மாள் முதல் தடவையாக அதைத் தலையில் மாட்டினாள். "ரெண்டு காதுலயும் ஒண்ணுபோலத்தானே கேக்குது" என்றாள்.

சோலை கைக்கடிகாரத்தைக் கழற்றினான். வலது காதில் வைத்தான். டிக் டிக் என்று ஓடியது. இடது காதில் வைத்தான். கடிகாரம் நின்றுவிட்டதா என்று எடுத்துப் பார்த்தான். முள் ஓடிக்கொண்டுதான் இருந்தது. எட்டு வருஷம் இடது தோளுக்குப் பக்கத்தில் விழுந்த அடி எங்கே போய்ச் சேர்ந்திருக்கிறது என்று அப்போது புரிந்தது. ஓர் இடத்தில் உட்காராத மனுஷன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

ஒச்சம்மாளுக்குப் புரிய இன்னும் கொஞ்ச நேரம் பிடித்தது. அவன் இடப்பக்கம் போய் நின்று, மெல்ல "மாமா" என்றாள். அவன் அசையவில்லை. இன்னொரு தடவை கூப்பிட்டாள். வாயில் முந்தானையைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"பாவி! திமிரு திமிருன்னு ரெண்டு வருசமா வஞ்சுக்கிட்டே கெடந்தேனே. கேக்கலைன்னு ஒரு வார்த்த சொல்லக்கூடாதா?"

"கேக்கலைங்கிறது எனக்கே தெரியாதே, புள்ள."

பெரியாஸ்பத்திரியில் பார்த்த டாக்டர், போன காது திரும்பாது, இருக்கிற காதையாவது பஞ்சு வைத்துக் காப்பாற்றிக்கொள் என்றார். அங்கிருந்து சோலை நேரே டவுன்ஹால் ரோட்டுக்குப் போனான். கடையில் ஆட்கள் இருந்தார்கள். அதுவும் நல்லதற்குத்தான் என்று நினைத்துக்கொண்டான். எல்லோர் முன்னாலும் கையெடுத்துக் கும்பிட்டான்.

"சார், சாமான்ல குத்தம் இல்ல. எங் காதுலதான் குத்தம். அன்னைக்கு வாய்க்கு வந்ததப் பேசிட்டேன். மன்னிச்சிருங்க."

ஹாலாஸ்யம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எனக்கு ரெண்டாம் தடவையே சந்தேகம் தட்டித்து. பத்துப் பேர் நிக்கறச்சே உன் காதுதான் சரியில்லைன்னு எந்த வாயால சொல்லறது? அதான் ஆத்துக்கு அனுப்பிச்சேன்" என்றார். பிறகு அலமாரியிலிருந்து முதல் ஹெட்போனை எடுத்து நீட்டினார். "மூணுலயும் இதுதான் உசத்தி. உனக்குன்னுதான் விக்காம வச்சிருக்கேன்."

கெடுவுக்கு இன்னும் ஆறு நாள். வேறு யாரையாவது கேட்கச் சொல்லலாமா என்றால் யாரைச் சொல்வது? ஒச்சம்மாள் பாட வேண்டும், சங்கிலி கொட்ட வேண்டும். கடைசியில் தட்டு மாற்றும் வித்தைதான் கைகொடுத்தது. ஒரு பல்லவி பாடவைத்து, ஹெட்போனின் இடது குமிழை வலது காதில் வைத்துக் குரலை எடைபோட்டான். அதே பல்லவியை மறுபடி பாடவைத்து, வலது குமிழை அதே காதில் வைத்துக் கொட்டை எடைபோட்டான். ஒவ்வொரு பாட்டுக்கும் ஹெட்போன் நாலைந்து தடவை திரும்பியது. பஸ் ஹாரன் வேறு குறுக்கே குறுக்கே வந்து உயிரை வாங்கியது. சங்கிலி ஒரு வார்த்தை முணுமுணுக்கவில்லை. அக்கா விஷயத்தைச் சொல்லியிருந்தாள். எட்டுப் பாட்டும் முடிய நாலு நாள் ஆயிற்று.

நல்லகாமன் முதல் பாட்டை முழுசாகக் கேட்டார். இரண்டாவதையும் கேட்டார். "இதேன் பாட்டு" என்று டேப்பை எடுத்துப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினார்.

ஒரு கேசட்டால் பிரஸ்ஸை விட்டுவிட முடியுமா? முடியவில்லைதான். சோலை வலது காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு கப்பலூருக்குப் போய்க்கொண்டுதான் இருந்தான். அடுத்த கேசட்டுக்கு மெட்டு யோசித்து யோசித்து முன்னிலும் அதிகமாக நடந்தான்.

அழகர் ஆற்றில் இறங்குகிற அன்று வைகைக் கரையில் எள் விழ இடமில்லை. கம்பத்துக்குக் கம்பம் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரில் ஒச்சம்மாளின் குரலும் சங்கிலியின் பம்பையும் ஒன்றை ஒன்று மிதிக்காமல் வந்தன. சோலைக்கு இடப்பக்கமாக நடந்துவந்த ஒச்சம்மாள் ஏதோ சொன்னாள். வாய் அசைவதைத் தற்செயலாகப் பார்த்துவிட்டு நின்றான்.

"இந்தப் பக்கம் நின்னு இம்புட்டு நாளா என்னதேன் சொல்லிக்கிட்டு இருந்த?"

"பாதி வசவு."

"மீதி?"

ஒச்சம்மாள் ஸ்பீக்கரை ஒரு தடவை அண்ணாந்து பார்த்தாள். கூட்டத்தை இடித்துக்கொண்டு அவனைச் சுற்றி வலப்பக்கம் வந்தாள். அவன் சட்டையைப் பிடித்துக் காதைத் தன் வாய்க்கு நேராக இழுத்துச் சொல்ல ஆரம்பித்தாள். அழகர் வந்து இறங்கும்வரை சோலை நின்ற இடத்தைவிட்டு நகரவில்லை.